தம்பியின் விரைக் கட்டி: செமினோமாவா, செர்டோலியா? ஐஎச்சி ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குடியாத்தம்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 38 வயது, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. வலது விரை வீங்கியிருப்பதை நாலு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லாததால் ஓதமாக இருக்கும், தானாக வற்றிவிடும் என்று இருந்துவிட்டான், கடைசியில் அவன் மனைவிதான் என்னிடம் வந்து அழுதாள்.

வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில் திடமான கட்டி என்று வந்தது. விரைக் கட்டிக்காக ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் மூன்றும் நார்மல். கவட்டைப் பக்கம் கீறி விரையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கட்டி 3.2 செ.மீ. முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'செமினோமாவாக இருக்கலாம், ஐஎச்சி செய்து உறுதிப்படுத்தவும்' என்று இருந்தது. செமினோமா என்பது விரையில் வரும் ஒரு வகைப் புற்றாம். பணம் கட்டி ஐஎச்சி, அதாவது கட்டித் துண்டில் விதவிதமான சாயம் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனை, செய்தோம். அதில் ஓசிடி 3/4 நெகட்டிவ், பிஎல்ஏபி நெகட்டிவ், சிடி 117 நெகட்டிவ், கெரட்டின் அங்கங்கே பாசிட்டிவ், இன்ஹிபின் 'சில இடங்களில் பலவீனமாக பாசிட்டிவ்'. கடைசி வரியில் 'செர்டோலி செல் கட்டியாக இருக்க வாய்ப்பு, செமினோமாவை முழுவதும் ஒதுக்க முடியவில்லை, இன்னொரு கருத்து பெறவும்' என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது ஒரு டாக்டர் செமினோமா என்றே வைத்துக்கொண்டு ஒரு டோஸ் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தைப் போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர் பொறுங்கள், இது வேறு மாதிரி இருக்கிறது என்கிறார். தம்பி என்னைத்தான் பார்க்கிறான், எனக்கோ பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. சாயம் ஏறியதா இல்லையா என்பதை வைத்து இது என்ன கட்டி என்று எப்படிச் சொல்கிறார்கள்? நெகட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

நுண்ணோக்கி_அக்கா எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் பேத்தாலஜி டாக்டர், வேலூரில் படித்தவள், இப்போது கோவையில் இருக்கிறேன். ஸ்லைடைக் கண்ணால் பார்க்காமல் இது இன்ன நோய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு பெயரும் எதற்கு என்று சொல்ல முடியும்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். நெகட்டிவ் என்றால் புற்று இல்லை என்று அர்த்தம் இல்லை, பாசிட்டிவ் என்றால் புற்று என்றும் அர்த்தம் இல்லை. இந்தச் சாயங்கள் கட்டி நல்லதா கெட்டதா என்று கேட்கவே இல்லை, அந்தச் செல் எந்த வம்சம் என்று மட்டும்தான் கேட்கின்றன. செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஸ்லைடின் மேல் விடுவோம். அந்தப் புரதம் இருக்கிற இடத்தில் பழுப்பு நிறம் வரும், இல்லாத இடம் நீலமாகவே நிற்கும். பழுப்பு செல்லின் நடுக்கருவில் வருகிறதா, சுவரில் வருகிறதா, உள்ளே இருக்கும் சாற்றில் வருகிறதா என்பதையும் பார்ப்போம், ஏனென்றால் இடம் மாறி ஏறின சாயம் பொய்ச் சாயமாக இருக்கலாம்.

விரையில் வரும் கட்டிகளில் 100க்கு 95 போல விந்தணு உருவாகும் மூலச் செல் வம்சத்தைச் சேர்ந்தவை. செமினோமா அதில் ஒன்று. மீதியில் பெரும்பாலும், அந்த மூலச் செல்லுக்குத் துணையாக நிற்கிற செல்களிலிருந்து வருபவை. குழாய்க்குள் நின்று விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல், குழாய்களுக்கு வெளியே ஆண் ஹார்மோன் சுரக்கும் லேடிக் செல், இன்னும் அரிதாக கிரானுலோசா செல். இரண்டு வம்சத்துக்கும் வைத்தியம் வேறு. செமினோமா கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கரையும், விரையோடு நின்றுவிட்ட நிலையில் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைத்துக்கொள்கிறார்கள். செர்டோலி கட்டி அந்த மருந்துகளுக்கு அவ்வளவாக அசையாது. அதனால் செமினோமா என்று நினைத்து கார்போபிளாட்டின் போட்டால் தம்பிக்கு மருந்தின் கஷ்டம் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, இரண்டையும் ஏன் குழப்பிக்கொள்கிறோம்? சாதாரண ஹெமடாக்சிலின் இயோசின் சாயத்தில் செமினோமா செல் வெளிறிய உடலோடு, நடுவில் பெரிய உருண்டைக் கருவோடு, கூட்டம் கூட்டமாக, கூட்டங்களுக்கு நடுவே லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் தூவினது போல இருக்கும். செர்டோலி கட்டியில் ஒரு ரகம் அச்சு அசலாக இப்படியே வெளிறித் தெரியும், அதிலும் சில சமயம் லிம்ஃபோசைட் இருக்கும். செமினோமாவும் சில சமயம் குழாய் குழாயாக அடுக்கிக்கொண்டு செர்டோலி போல வேஷம் கட்டும். நல்ல அனுபவம் உள்ளவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள், நானும் தடுமாறியிருக்கிறேன். அதனால் முதல் ரிப்போர்ட் எழுதியவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் உறுதியாக எழுதாமல் ஐஎச்சி கேட்டது சரியான காரியம்.

இந்த இடத்தில் முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: மூலச் செல் வம்சமா, இல்லையா? அதற்கு நான் நம்புவது சால் 4, ஓசிடி 3/4 இரண்டையும் சேர்த்துத்தான். செமினோமாவில் இரண்டும் நடுக்கருவில் பழுப்பாக, கட்டி முழுக்க ஏறும். கூடவே சிடி 117, பிஎல்ஏபி, டி2-40 மூன்றும் வரும். செமினோமாவின் உறவுக்காரர்கள் வேறு மாதிரி. எம்ப்ரியோனல் கார்சினோமாவில் ஓசிடி 3/4 ஏறும், ஆனால் சிடி 117 வராமல் சிடி 30 வரும், கெரட்டினும் தடிப்பாக வரும். யோக் சாக் கட்டியில் ஓசிடி 3/4 இருக்காது, சால் 4 இருக்கும், கிளைப்பிக்கன் 3, ஏஎஃப்பி வரும். உங்கள் ரிப்போர்ட்டில் சால் 4 என்ற பெயரே இல்லை பாருங்கள், அதுதான் எனக்கு முதல் குறை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஓசிடி 3/4 நெகட்டிவ் என்றதும் நேராக செர்டோலிக்குத் தாவுவது தப்பு. ஸ்பெர்மடோசைடிக் கட்டி என்று ஒன்று உண்டு, முன்பு ஸ்பெர்மடோசைடிக் செமினோமா என்பார்கள், 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் செமினோமா என்ற ஒட்டை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும், சாதுவான கட்டி, பரவுவது மிக அபூர்வம். அதிலும் ஓசிடி 3/4 நெகட்டிவ், பிஎல்ஏபி நெகட்டிவ், ஆனால் சால் 4 பாசிட்டிவ். சால் 4 போடாத ரிப்போர்ட் இதை ஒதுக்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. செல்கள் சின்னது, நடுத்தரம், பூதாகாரம் என்று மூன்று அளவில் கலந்திருக்கும் என்பதால் சாதாரண ஸ்லைடிலேயே அடையாளம் காணலாம், ஆனாலும் சாயமும் அதையே சொன்னால்தான் மனசு நிற்கும்.

துணைச் செல் வம்சத்துக்கு இன்ஹிபின் பழைய நண்பன், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. லேடிக் செல் கட்டியில் இன்ஹிபின், கால்ரெட்டினின், மெலன் ஏ மூன்றும் பளிச்சென்று வரும். செர்டோலியில் இன்ஹிபின் பல கட்டிகளில் பலவீனமாகத்தான் வரும், வராமலே போவதும் உண்டு. எஸ்எஃப் 1 என்ற நடுக்கருச் சாயம் இங்கே அதிகம் கைகொடுக்கும். அப்புறம் பீட்டா கேட்டனின். சாதாரணமாக அது செல் சுவரில் இருக்கும், செர்டோலி கட்டிகள் பலவற்றில் மரபணு மாற்றத்தால் அது நடுக்கருவுக்குள் குடியேறிவிடும். செமினோமாவில் அப்படி உள்ளே போவதை நான் எதிர்பார்க்க மாட்டேன். கெரட்டின் அங்கங்கே வருவது செர்டோலிக்குப் பொருந்தும், ஆனால் செமினோமாவிலும் புள்ளி புள்ளியாக வருவதுண்டு, எனவே அதில் கொஞ்சம்தான் எடை வைப்பேன்.

ஆக, இதே பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டில்) சால் 4, எஸ்எஃப் 1, பீட்டா கேட்டனின் மூன்றும் போடச் சொல்லுங்கள். கட்டியைச் சுற்றி உள்ள நல்ல குழாய்களுக்குள் முளைக்கும் நிலையில் உள்ள மூலச் செல் புற்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். செமினோமாவுக்குப் பக்கத்துக் குழாய்களில் அது பெரும்பாலும் இருக்கும், ஓசிடி 3/4 அதையும் பழுப்பாக்கிக் காட்டிக்கொடுக்கும். செர்டோலிக்கும் ஸ்பெர்மடோசைடிக்குக்கும் பக்கத்தில் அதை எதிர்பார்க்க மாட்டோம்.

மெழுகுக்கட்டி எழுதியது:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் வேலூரில் ஹிஸ்டோ லேபில் 19 வருடமாக டெக்னீசியன், பிளாக் வெட்டுவதும் சாயம் ஏற்றுவதும்தான் என் பிழைப்பு. டாக்டர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயத்தை நான் சொல்கிறேன்.

குடியாத்தம் அண்ணே, ஓசிடி 3/4 நெகட்டிவ், பிஎல்ஏபி நெகட்டிவ், சிடி 117 நெகட்டிவ், இன்ஹிபின் பலவீனம் என்று வரிசையாக வந்தால் என் மனசில் முதலில் வரும் சந்தேகம் நோயைப் பற்றி இல்லை, திசுவைப் பற்றி. எடுத்த விரையை எப்படி ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவத்தில்) போட்டார்கள்? விரைக்கு மேலே வெள்ளையாக, கெட்டியாக ஒரு உறை உண்டு, முட்டை ஓடு போல. கீறாமல் அப்படியே டப்பாவில் போட்டால் ஃபார்மலின் உள்ளே இறங்காது. மணிக்கு 1 மில்லிமீட்டர் போலத்தான் அது ஊறும், அதுவும் நல்ல திசுவில். அதற்குள் நடுப்பகுதி அழுக ஆரம்பித்துவிடும். வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பச்சைத் தோலுக்கு நேரத்தில் உப்புப் போடாவிட்டால் அதற்குப் பிறகு எந்தத் தொட்டியில் ஊறவைத்தாலும் அந்தத் தோல் தோலாகாது. என் அப்பா மேல்விஷாரத்தில் டேனரி வேலைதான் பார்த்தார், சின்ன வயசில் நான் பார்த்ததைத்தான் லேபில் தினமும் பார்க்கிறேன். ஃபார்மலினும் திசுவின் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிற சரக்குதான், தோல் பதனிடவும் அதைப் பயன்படுத்துவார்கள்.

சரியாக ஊறாத திசுவில் ஆன்டிபாடி தேடிப் போகும் புரதமே சிதைந்திருக்கும். நெகட்டிவ் வரும், ஆனால் அது பொய் நெகட்டிவ். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்த ஸ்லைடிலேயே கட்டிக்குப் பக்கத்தில் நல்ல விரைப் பகுதி கொஞ்சம் இருக்கும், அங்கே உள்ள சாதாரண லேடிக் செல்லிலும் செர்டோலி செல்லிலும் இன்ஹிபின் கட்டாயம் ஏற வேண்டும். அதில் ஏறாமல் கட்டியிலும் ஏறவில்லை என்றால் அந்த ஸ்லைடு எதையும் சொல்லவில்லை, குப்பைதான். நல்ல செல்லில் பளிச்சென்று ஏறி, கட்டியில் மட்டும் மங்கலாக இருந்தால் அந்த மங்கலை நம்பலாம். ஓசிடி 3/4க்கு நல்ல விரையில் எதுவும் ஏறாது, அதனால் ஏற்கெனவே தெரிந்த செமினோமா துண்டு ஒன்றை அதே ஸ்லைடில் கூடவே வைத்து ஓட்டியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'கன்ட்ரோல் சரியாக வேலை செய்தது' என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். எழுதவில்லை என்றால் போய்க் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை, நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பிளாக் எத்தனை செய்தார்கள் என்றும் கேளுங்கள். கட்டியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒன்றாவது வேண்டும் என்பது வழக்கம், உங்கள் தம்பிக்கு நாலாவது இருக்கணும். கட்டியின் ஓரத்தில் எடுத்த பிளாக்கில் ஃபார்மலின் முதலில் இறங்கியிருக்கும், புதுச் சாயங்களை அந்த ஓரப் பிளாக்கில் போடச் சொல்லுங்கள்.

பிளாக்கும் ஸ்லைடும் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்கள் பலர் பிளாக்கைக் கைப்பையில் வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். ஆனால் தயவுசெய்து வண்டியின் சீட்டுக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய காரிலோ வைக்காதீர்கள். அது மெழுகு, 60 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உருகிவிடும், நம்ம ஊர் மே மாத வெயிலில் பூட்டின காருக்குள் அந்தச் சூடு ஆகும். ஒருத்தர் உருகி ஒட்டிப்போன பிளாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. எதையோ சரிசெய்து எடுத்தோம், ஆனால் அந்த மனிதர் முகம்!

ஆரணி_மகன் எழுதியது:

எங்கள் அப்பாவுக்கு 67 வயதில் இதே மாதிரி விரை வீக்கம். முதலில் செமினோமாவோ என்றுதான் சந்தேகப்பட்டார்கள், ஐஎச்சியில் ஓசிடி 3/4 நெகட்டிவ், சிடி 45 பாசிட்டிவ், சிடி 20 பாசிட்டிவ் என்று வந்து லிம்ஃபோமா, அதாவது நிணநீர் செல்களின் புற்று, என்று முடிவானது. 60 வயதுக்கு மேல் விரையில் கட்டி என்றால் முதலில் லிம்ஃபோமாவைத்தான் நினைக்க வேண்டும் என்று பிறகு எங்கள் டாக்டர் சொன்னார். வைத்தியமே வேறு, இன்னொரு பக்க விரைக்கும் மூளைப் பகுதிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கொடுத்தார்கள். இப்போது மூணு வருடம் ஆகிறது, காலையில் நெசவுக்கு உட்காருகிறார். இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை அண்ணா, பெயர் சரியாகத் தெரிந்த பிறகே மருந்துக்குப் போங்கள். அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை, அது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

நுண்ணோக்கி_அக்கா எழுதியது:

ஆரணி தம்பி சொன்னதற்குத் துணையாக ஒன்று. பெயர் தப்பினால் மருந்து மட்டும் தப்பாது, சில சமயம் உறுப்பே போய்விடும். பிறவியிலேயே அட்ரினல் சுரப்பிக் கோளாறு உள்ள பையன்களுக்கு இரண்டு விரையிலும் கட்டி வரும், சாதாரண ஸ்லைடில் லேடிக் செல் கட்டி போலவே இருக்கும், இன்ஹிபினும் மெலன் ஏவும்கூட ஏறும். ஆனால் அது அட்ரினல் சார்ந்த திசு, ஸ்டீராய்டு அளவைச் சரிசெய்தால் பல சமயம் சுருங்கிவிடும், விரையை எடுக்க வேண்டியதே இல்லை. சினாப்டோஃபைசின் அழுத்தமாக ஏறுவதும், ஆண் ஹார்மோன் ஏற்பி ஏறாததும் அங்கே வழிகாட்டும். ஆனால் அதைவிட முக்கியம், இரண்டு பக்கமும் கட்டி என்று யாராவது பேத்தாலஜி டாக்டரிடம் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் படிவத்தில் 'விரைக் கட்டி' என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்புகிறார்கள். வயது, எந்தப் பக்கம், மார்பு வீங்கியதா, ரத்தப் பரிசோதனை என்ன, இவ்வளவும் தெரிந்தால்தான் எந்தச் சாயத்தைக் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், கண்ணை மூடிக்கொண்டு இருபது சாயம் போடுவது நியாயமில்லை.

மெழுகுக்கட்டி அண்ணா சொன்ன கன்ட்ரோல் விஷயம் தங்கம். நான் என் மாணவர்களிடம் கட்டியைப் பார்க்கும் முன் கன்ட்ரோலைப் பார் என்றுதான் சொல்வேன்.

குடியாத்தம்_வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். லேபில் கேட்டபோது முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஒரு மேடம் வந்து பொறுமையாகப் பேசினார். மெழுகுக்கட்டி அண்ணன் சந்தேகப்பட்டது அப்படியே நடந்திருக்கிறது, விரையை வெட்டாமல் முழுசாகவே ஃபார்மலினில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வேறு நடுவில் வந்து, திங்கள் கிழமைதான் வெட்டியிருக்கிறார்கள். ஆறு பிளாக்கையும் வாங்கி ஈரத்துணி சுற்றின டிஃபன் பாக்ஸில் வைத்து பஸ்ஸிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், என் மடியை விட்டு இறக்கவில்லை.

அங்கே ஓரப் பிளாக்கில் திரும்பவும் போட்டிருக்கிறார்கள். கன்ட்ரோல் சரி என்று இந்தத் தடவை எழுதியே இருக்கிறது. ஓசிடி 3/4 நெகட்டிவ், சால் 4 நெகட்டிவ், எஸ்எஃப் 1 நடுக்கருவில் பரவலாக பாசிட்டிவ், பீட்டா கேட்டனின் நடுக்கருவில் பாசிட்டிவ், இன்ஹிபின் இப்போது 'பாதி செல்களில் மிதமாக'. பக்கத்துக் குழாய்களில் மூலச் செல் புற்று இல்லை. முடிவு: செர்டோலி செல் கட்டி. கார்போபிளாட்டின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா, இது நல்ல செய்தியா? தம்பிக்கு என்ன சொல்வது?

நுண்ணோக்கி_அக்கா எழுதியது:

அண்ணா, இந்த ரிப்போர்ட்டில் எல்லாச் சாயமும் ஒரே பக்கம் கை காட்டுகிறது, எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. செர்டோலி கட்டிகளில் பெரும்பாலானவை விரையோடு முடிந்துவிடும், தம்பியிடம் அதைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு சிறு பங்கு பரவும், அதை எந்தச் சாயமும் சொல்லாது, பழைய சாதாரண ஸ்லைடுதான் சொல்லும். ரிப்போர்ட்டை எடுத்து இந்த நாலைந்து வரியைத் தேடுங்கள்: கட்டி 5 செ.மீ.க்கு மேலா (உங்களுக்கு இல்லை, 3.2), கட்டிக்குள் செத்துப்போன பகுதி இருக்கிறதா, ரத்தநாளத்துக்குள் செல் புகுந்திருக்கிறதா, நடுக்கருக்கள் கோணல்மாணலாக இருக்கின்றனவா, பத்து பெரிய பார்வைக் களங்களில் 5க்கு மேல் செல் பிரிகிறதா. இதில் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலைப்பட்டு வயிற்றின் பின்பக்க நிணநீர்க் கணுக்களைப் பற்றி அறுவை டாக்டரிடம் பேச வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் மார்பு, வயிறு சிடி ஸ்கேன் ஒன்று எடுத்துவிட்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் போய்க் காட்டினால் போதும். இந்தக் கட்டி சில சமயம் வருடங்கள் கழித்தும் தலைகாட்டும், அதனால் ஐந்து வருடம் நன்றாக இருந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விரை நன்றாக இருந்தால் குழந்தைக்கும் தாம்பத்தியத்துக்கும் பெரும்பாலும் ஒரு குறையும் வராது. இதை அவர் கேட்க வெட்கப்படுவார், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

குடியாத்தம்_வாசி எழுதியது:

பார்த்துவிட்டேன் அக்கா. ரத்தநாளத்துக்குள் புகவில்லை என்று இருக்கிறது, செத்த பகுதி இல்லை, செல் பிரிவது பத்து களத்தில் 1 என்று போட்டிருக்கிறார்கள். நடுக்கருவைப் பற்றி ஆங்கிலத்தில் 'மைல்ட்' என்று ஒரு வார்த்தை. சிடி ஸ்கேனுக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கடைசியாக எழுதியதை தம்பியிடம் போனை நீட்டிப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தான், ஒன்றும் பேசவில்லை, நாளைக்கு வேலைக்குப் போகட்டுமா என்று மட்டும் கேட்டான்.